விடியும்வரை தாங்கும் கெமரா எது?

மலிவான வீடியோ கெமரா எது என்று கேட்பவரிடம், எதை எடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். கல்யாணம் என்றால் ஸ்டூடியோக்காரர் லைட்டும் கையுமாக வந்துவிடுவார். தேர்த் திருவிழாவை யார் எடுத்தாலும் பகல் வெளிச்சம் பாதிக் குறையை மறைத்துவிடும். மலையகத் தோட்டங்களில் மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்தை எடுப்பதுதான் பெரும் பாடு. மாசி மாதம், மலைக்குளிர், இரவு முழுக்க ஆட்டம், பாட்டு, தப்பு மேளம். மதன் எரிகிற கட்டம் வருவதற்குள் விடியத் தொடங்கிவிடும். அக்கரப்பத்தனை தாண்டி, ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில் கிடக்கும் டயகம மாதிரி ஒரு இடத்தில், அந்த நேரத்தில் பனிமூட்டம் இல்லாதிருந்தால் அதிர்ஷ்டம்.

அதனால் இந்த ஒப்பீட்டுக்கு ஒரே ஒரு பரீட்சைதான் வைத்திருக்கிறேன். கூத்து நடக்கும் காமன் பொட்டலில் ஓர் இரவு. அதில் நிற்கப் போவது இரண்டு: ஒன்று, நடுத்தர விலையில் வாங்கும் புது போன். மற்றது, யாரோ பாவித்து விற்கும் கெனன் 700டி கெமரா. இரண்டும் ஏறத்தாழ ஒரே பணத்துக்குள் அடங்கக்கூடியவை. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் தொகை எழுதிப் பயனில்லை. ஆனால் பணத்தின் கனத்தைச் சொல்லத்தான் வேண்டும். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாயானது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாயானது. இடையில் 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களிலேயே 360 வரை ஏறியது. வெளிநாட்டிலிருந்து வரும் எந்தக் கெமராவும் அந்தக் கணக்கில்தான் விலையேறியது. ஒரு லட்ச ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1350 ரூபாய்க் கணக்கில் அது 74 நாள் பேர். முழு நாள் வேலைக்கு எழுதும் முழுப்பேர், பாதி நாளுக்கான அரைப்பேர் அல்ல. வேறு ஒரு செலவும் செய்யாமல், ஒரு நாளும் விடாமல் இரண்டரை மாதம் மலைக்குப் போய்க் கொழுந்து பறித்தால் வருகிற காசு. இதைப் போட்டு வாங்கும் பொருள் பாதி இரவில் படுத்துவிட்டால் யாரைக் குறை சொல்வது?

700டி ஏன்? 2013இல் வந்தது. பழசுதான். ஆனால் அதற்குள் இருக்கும் 18 மெகாபிக்சல் சென்சரின் வம்சம் சாதாரணமானதல்ல. அதே அளவு, அதே 18 மெகாபிக்சல் கொண்ட கெனன் 7டி கெமராவில்தான் பாலாஜி சக்திவேல் ‘வழக்கு எண் 18/9’ படத்தை எடுத்தார். 2012இல் அது தியேட்டருக்கு வந்தபோது, ஃபோட்டோ எடுக்கிற கெமராவில் எடுத்த படம் என்று நம்பப் பலருக்கு மனம் வரவில்லை. அதற்கு முன்பே, 2010இல் ‘ஹவுஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயம் கெனன் 5டி மார்க் 2இல் எடுக்கப்பட்டிருந்தது. போன் கட்சிக்கும் சாட்சி உண்டு. ஷான் பேக்கரின் ‘டேஞ்சரின்’ 2015இல் வந்தது, எடுத்தது ஐபோன் 5எஸ்ஸில். ஆக, இரண்டாலும் படம் எடுக்க முடியும் என்பது எப்போதோ முடிந்துபோன வழக்கு. அந்தப் படங்களுக்குப் பின்னால் ஒளிப்பதிவாளர்களும் உதவியாட்களும் நின்றார்கள் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. காமன் பொட்டலில் நிற்கப் போவது நீங்களும், குளிருக்குக் கம்பளி போர்த்திய ஒரு தம்பியும்.

முதலில் வெளிச்சம். கெமராவின் சென்சர் பெரிது, அதனால் இருட்டில் கெமராதான் என்று கடைக்காரர் சொல்வார். பாதி உண்மை. 700டியின் சென்சர் 22.3க்கு 14.9 மில்லிமீட்டர், அதாவது 332 சதுர மில்லிமீட்டர். நடுத்தர விலைப் போனின் பிரதான கெமராவில் சென்சர் 30 முதல் 50 சதுர மில்லிமீட்டருக்குள் இருக்கும். பெரியதையே எடுத்தாலும் கெமராவுக்கு ஆறரை மடங்கு இடம் அதிகம். ஆனால் சென்சருக்கு வெளிச்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவது லென்ஸ். கெமராவோடு வரும் 18-55 ‘கிட்’ லென்ஸ், அகல முனையில் எஃப் 3.5, நீள முனையில் எஃப் 5.6. போனின் லென்ஸ் எஃப் 1.8 அளவில் இருக்கும். இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். எஃப் 1.8க்கும் 5.6க்கும் இடையில் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்ச வித்தியாசம். சென்சர் ஆறரை மடங்கு கொடுத்ததை லென்ஸ் ஒன்பது மடங்காகப் பிடுங்கிக்கொள்கிறது. அதாவது, கிட் லென்ஸை முழுக்க நீட்டிக்கொண்டு தூரத்தில் நிற்கும் கெமராவைவிட, ரதிக்குப் பக்கத்தில் போய் நிற்கிற போனுக்கு அதிக வெளிச்சம் கிடைக்கும். கெமரா வாங்கிய பலர், ‘இவ்வளவு காசு கொடுத்தும் ராத்திரியில் புள்ளி புள்ளியாக வருகிறதே’ என்று புலம்புவதற்கு இதுதான் காரணம்.

தீர்வும் லென்ஸில்தான் இருக்கிறது. கெனனின் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அவர்களுடைய லென்ஸ்களில் மிக மலிவான வரிசையைச் சேர்ந்தது. 2015இல் வந்த எஸ்.டி.எம். வகையைப் பாவித்ததாகத் தேடலாம். அதை மாட்டினால் போனுக்கும் கெமராவுக்கும் எஃப் எண் சமமாகிவிடும். மிஞ்சுவது சென்சரின் ஆறரை மடங்கு. இருந்த இடத்திலிருந்து முகத்தை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் வித்தியாசம் இன்னும் பெரிது. போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கும்போது, 50 மி.மீ. லென்ஸ் காட்டும் அதே அளவு முகத்துக்கு வர, சென்சரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் வேலை செய்யும். மீதி வெட்டி எறியப்படுகிறது. ‘டெலி’ என்று தனி லென்ஸ் உள்ள போன்களும், இருட்டு என்று கண்டால் பெரும்பாலும் பிரதான லென்ஸுக்கே மாறி, வெட்டித்தான் கொடுக்கும். போன் விளம்பரத்தில் காட்டுகிற ‘நைட் மோட்’ பல படங்களை அடுக்கிச் செய்யும் வேலை. அது ஃபோட்டோவுக்கு, ஆடுகிற ஆளுக்கு உதவாது.

ஆனால் 50 மி.மீ. லென்ஸுக்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது. 700டியில் அது 80 மி.மீ. போல நெருக்கமாகக் காட்டும். ஓர் ஆட்டக்காரரைத் தலை முதல் கால் வரை எடுக்க எட்டு மீட்டராவது பின்னால் போக வேண்டும். பொட்டலில் எட்டு மீட்டர் தள்ளி நின்றால் உங்களுக்கும் ரதிக்கும் நடுவில் குறைந்தது நாலு பேர் வந்து நிற்பார்கள், ஒருவர் தோளில் குழந்தையையும் தூக்கி வைத்திருப்பார். மேட்டில் ஏறி நிற்க ஓர் இடம் பார்த்து வைப்பதுதான் வழி. தேயிலை மலையில் மேட்டுக்குப் பஞ்சமில்லை.

வீரபத்திரன் ஆவேசமாக வரும் கட்டத்தில் இன்னொரு பிரச்சினை தலைகாட்டும். 700டியின் தானியங்கி ஃபோகஸ் மெதுவானது. இருட்டில் முன்னும் பின்னும் அலைந்து, கடைசியில் பின்னாலிருக்கும் வாழைமரத்தில் போய் நிற்கும். பனிமூட்டத்தில் இன்னும் மோசம், பிடித்துக்கொள்ள அதற்கு விளிம்பே கிடைக்காது. போன் இதில் எவ்வளவோ தேவலாம். சின்ன சென்சர் என்பதால் முன்னாலும் பின்னாலும் எல்லாம் கூர்மையாகவே தெரியும், தவறு நடந்தாலும் கண்ணில் படாது. கொஞ்சம் கூடுதல் பணம் கிடைத்தால் 700டியை விட்டுவிட்டு, 2017இல் வந்த 200டியைத் தேடுங்கள். அதில் உள்ள ‘டுவல் பிக்சல்’ முறை ஆளை விடாமல் துரத்தும். முடியாவிட்டால் 700டியில் கையால் ஃபோகஸ் வைத்து, எஃப் 2.8க்கு மூடிக்கொண்டு, தூரம் மாறாத காட்சிகளை மட்டும் அதற்குக் கொடுங்கள். பாட்டுப் பாடும் வாத்தியார், தப்படிப்பவர்கள், ஒப்பாரி வைக்கும் ரதி. ஓடுவதும் குதிப்பதும் போனுக்கு.

பல்ப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். பல்ப் ஒரு செக்கனுக்கு நூறு தடவை மங்கி எரிகிறது. 700டியில் ‘பால்’ (PAL) என்று வைத்து, செக்கனுக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிட்டால் பட்டை பட்டையாக ஓடும் கோடு வராது. போன் பெரும்பாலும் 30 ஃபிரேமில்தான் பழகியிருக்கும். ‘ப்ரோ’ வசதி இருந்தால் ஷட்டரை 1/50க்கு மாற்றிக்கொள்ளலாம். மலிவான எல்.ஈ.டி. தோரணங்கள் எந்தக் கணக்குக்கும் அடங்காது, அவற்றை ஃபிரேமுக்கு வெளியே விடுங்கள். மதனை எரிக்கும்போது நெருப்பு எழுந்தவுடன் போன் பயந்துபோய் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். நெருப்பு தணிந்ததும் வெளுக்க வைக்கும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஒளியைப் பூட்டிவைத்தால் இந்த ஆட்டம் நிற்கும். கெமராவில் எல்லாவற்றையும் கையால் வைப்பதால் அது எந்த நெருப்புக்கும் அசையாது.

இனி ஒலி. என் கணக்கில் படத்தைவிட முக்கியம் இதுதான். காமன் கூத்தைப் பார்த்ததில்லை என்று சொல்பவரும் எங்கோ ஓர் இரவு தூரத்து மலையிலிருந்து தப்புச் சத்தம் கேட்டிருப்பார். சி.வி. வேலுப்பிள்ளை மலையகத்து மக்கள் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தார். சொற்கள் புத்தகத்தில் நின்றுவிட்டன, பாடிய குரல்களைப் புத்தகம் தாங்காது. இன்று அந்தப் பாட்டுகளைத் தெரிந்தவர்கள் வயதானவர்கள். முகம் கொஞ்சம் புள்ளியாக வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், வாத்தியார் பாடிய அடி காதில் விழாவிட்டால் அது போனதுதான்.

தப்பு ஓங்கி விழும். போனும் கெமராவும் தானாக ஒலியளவைக் குறைத்துக்கொள்ளும். அடி நின்று பாட்டு தொடங்கும்போது முதல் இரண்டு சொற்கள் அமுங்கிப்போகும், பிறகு மெல்ல மெல்ல ஏறும். கேட்பவருக்கு யாரோ கதவைத் திறந்து மூடுவது போலிருக்கும். 700டியில் ஒலியளவைக் கையால் பூட்டலாம், வெளி மைக்குக்கு 3.5 மி.மீ. துளையும் இருக்கிறது. ஹெட்போன் துளைதான் இல்லை, அதனால் என்ன பதிவாகிறது என்று கேட்டுப் பார்க்க முடியாது. போனோடு வரும் கெமரா செயலிகள் பலவற்றில் ஒலியைப் பூட்டும் வசதியே இல்லை. மைக் துளையை எடுத்துவிட்ட போன்களும் கூடிவிட்டன, அவற்றுக்கு டைப்-சி முனையில் செருகும் மைக் வேண்டும். போன் துளையும் கெமராத் துளையும் ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே கம்பிகள் வேறு. போயா பி.வை.-எம்1 மாதிரி, போனுக்கு ஒன்று, கெமராவுக்கு ஒன்று என்று மாற்றும் சுவிட்ச் வைத்த சட்டைக் காலர் மைக் வாங்கினால் இரண்டுக்கும் ஆகும். அதன் வயர் ஆறு மீட்டர்.

இதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. திரை உடைந்து மூலையில் கிடக்கும் ஒரு பழைய போன் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பாடுபவருக்குப் பக்கத்தில், தப்புகளிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள். தொடக்கத்தில் விழும் ஒற்றைத் தப்படியை வைத்துப் படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்திக்கொள்ளலாம். சினிமாக்காரர்கள் கிளாப் பலகை அடிப்பதும் இதற்குத்தான்.

இரவின் நீளத்தில் கெமரா தோற்கிறது, அதுவும் மோசமாக. 700டி ஒரே மூச்சில் 29 நிமிடம் 59 செக்கனுக்கு மேல் பதியாது. அரை மணி நேரமும் அதற்கு மேலும் பதியும் கருவியை வீடியோ கெமரா என்று கருதி ஐரோப்பாவில் கூடுதல் தீர்வை போட்டார்கள், அதைத் தவிர்க்கத்தான் ஃபோட்டோ கெமராக்களுக்கு இந்தக் கடிவாளம். நின்றது தெரியாமல் தேநீர் குடிக்கப் போய்விட்டால் ஒரு கட்டமே காணாமல் போகும். பெட்டரி ஒன்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், குளிரில் அதற்கும் குறைவு. இரவுக்கு நாலைந்து பெட்டரி வேண்டும், காத்திருக்கும் பெட்டரிகளைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 330 எம்.பி. என்ற கணக்கில் மணிக்கு 20 ஜி.பி. கார்டில் ஏறும். போனுக்கு ஒரு பவர் பேங்க் செருகி, ட்ரைபொட்டில் நிறுத்தி, 1080இல் ஓடவிட்டால் மணிக்கு ஏழெட்டு ஜி.பி.யோடு விடியும்வரை ஓடும். கொழும்பு வெயிலில் சூடேறி நின்றுவிடும் போன்கூட டயகமக் குளிரில் நன்றாக வேலை செய்யும். இந்த மலைக் காற்று போனுக்குச் செய்யும் ஒரே உபகாரம் அது. ஆனால் அந்தச் சிக்கனத்துக்கும் விலை உண்டு. பனியும் புகையும் மெல்ல நகரும் காட்சியைப் போன் நசுக்கிச் சேமிக்கும்போது கட்டம் கட்டமாக உடையும். கெமரா இரண்டு மடங்குக்கு மேல் தகவலை எழுதுவதால் புகை புகையாகவே இருக்கும்.

4கே என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். இரவில் அது இருட்டின் புள்ளிகளைத்தான் நாலு மடங்கு துல்லியமாகப் பதியும்.

போனுக்கு எதிராக ஒன்று சொல்ல வேண்டும், அது எந்தத் தொழில்நுட்ப அட்டவணையிலும் வராது. போன் வீட்டுக்குச் சொந்தம். கொரோனாக் காலத்தில் பிள்ளைகள் அதை வைத்துத்தான் சிக்னல் தேடி மேட்டில் ஏறிப் படித்தார்கள். குவைத்திலிருந்து அம்மா கோல் எடுப்பதும் அதில்தான். மதன் எரியும் நேரத்தில் ஓர் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம், அதனால் ‘ஃப்ளைட் மோட்’ போடாமல் எடுக்கவே கூடாது. பதிந்தது நிறைந்ததும் இடம் வேண்டும் என்று யாரோ அழித்துவிடுவார்கள். கெமராவின் கார்டைக் கழற்றி, மேலே தேதி எழுதி, ஒரு டப்பாவில் போட்டு வைக்கலாம்.

சோனி எச்.டி.ஆர்.-சி.எக்ஸ் 405 மாதிரியான சின்ன ஹேண்டிகேம்கள் 30 மடங்கு ஜூம் என்று ஆசை காட்டும். பகலில் விளையாட்டுப் போட்டிக்கு நல்லது. அதன் சென்சர் போனைவிடச் சிறியது, வெளி மைக்குக்குத் துளையில்லை. கூத்துக்கு வேண்டாம்.

எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், தனியாள் ஒருவர், கையில் ஓரளவு நல்ல போன்கூட இல்லை என்றால் போனையே வாங்கட்டும். ஆனால் கூத்துக் குழுவோ கோயில் கமிட்டியோ இளைஞர் மன்றமோ சேர்ந்து வாங்குவதாக இருந்தால், இன்னொரு புது போனுக்கு அந்தப் பணத்தைப் போடுவது வீண். முழு ஆட்டத்தையும் அகலமாக எடுக்கும் போன் யாரோ ஒருவர் சட்டைப்பையில் ஏற்கனவே இருக்கிறது. அதற்கு ஒரு ட்ரைபொட்டும் மைக்கும் வாங்கிக் கொடுங்கள். மிச்சப் பணத்தில் பாவித்த கெமராவும் 50 மி.மீ. லென்ஸும். கிட் லென்ஸ் இல்லாமல் உடல் மட்டும் கிடைத்தால் இன்னும் நல்லது. தீபாவளி முற்பணம் வரும் மாதத்தில் சீட்டுப் போட்டால், மாசிக்குள் சேர்ந்துவிடும்.

மூன்றாம் பிறை பார்த்துக் கம்பம் ஊன்றும் நாளிலேயே பொட்டலுக்குப் போய் ஒத்திகை பார்த்துவிடுங்கள். எங்கே லைட் கட்டுகிறார்கள், எந்த மேட்டிலிருந்து மறைக்காமல் தெரியும், கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். லைட் கட்டுகிறவரிடம் நல்லபடியாகப் பேசி, ஒரு பல்பை ஆட்டக்காரரின் முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் கட்டச் சொல்லுங்கள். இருபதாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து வாங்கும் கெமராவைவிட அந்த ஒரு பல்ப் அதிகம் உதவும்.

வாங்கப் போகும்போது கவனிக்க வேண்டியது முதலில் பூஞ்சை. நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் அலுமாரிக்குள் கிடந்த லென்ஸில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை பிடித்திருக்கும். போனின் டோர்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் கண் வைத்துப் பார்த்தால் தெரியும். தெரிந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். ஷட்டர் ஒரு லட்சம் தடவை தாங்கும் என்பது கெனன் சொல்லும் கணக்கு. ஆனால் வீடியோ ஓடும்போது அது திறந்தே கிடப்பதால், கல்யாண ஸ்டூடியோவில் அடிபட்ட கெமரா என்றாலும் அதிகம் பயப்படத் தேவையில்லை. மைக் துளையில் உங்கள் மைக்கையே செருகிப் பேசிப் பாருங்கள், அந்தத் துளைதான் அடிக்கடி தளர்ந்துபோகும். பத்து நிமிடம் வீடியோவை ஓடவிட்டு, மூடி போட்ட லென்ஸில் வெள்ளைப் புள்ளிகள் நிலையாக நிற்கின்றனவா என்று பாருங்கள். வாங்கிய பிறகு, இரவுக் குளிரில் நின்ற கெமராவை அடுப்பு எரியும் காம்பராவுக்குள் கொண்டுபோய் உடனே திறக்காதீர்கள், உள்ளே நீர் கோர்க்கும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். சிலிக்கா ஜெல் போட்ட பிளாஸ்டிக் டப்பாதான் அதன் வீடு.

சார்ஜர் இல்லாமல் விற்கிறார் என்றால் விலையில் நன்றாகவே குறைக்கச் சொல்லுங்கள். 700டிக்கு வேண்டியது எல்.பி.-இ8 பெட்டரிக்கான சார்ஜர், 200டிக்கு எல்.பி.-இ17 பெட்டரிக்கானது. ஒன்றுக்கு மற்றது பொருந்தாது, சரியானதைத் தேடித் தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் பஸ் ஏறி இறங்குவதற்குள் மாசி முடிந்துவிடும்.